எண்டூரன்ஸ் குதிரையோட்டம்: நடுவழிச் சோதனை கண்துடைப்பா?

கேள்வி இது: எண்டூரன்ஸ் என்ற நெடுந்தூரப் போட்டியில் ஒரே நாளில் 160 கிலோமீட்டர் குதிரையை ஓட்டுவது கொடுமை இல்லையா? நடுநடுவே கால்நடை மருத்துவர்கள் சோதிக்கிறார்கள் என்பது வெறும் கண்துடைப்பா? 40 கிலோமீட்டர் போட்டி ஒன்றுக்கு நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

கண்துடைப்பு இல்லை. அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் எண்டூரன்ஸ் என்ற விளையாட்டே மிஞ்சாது. ஆனால் அதற்கு எட்டாத ஒன்று உண்டு, அதுதான் வேகம். மருத்துவர் குதிரையைப் பார்ப்பது அது நிற்கும்போது. இரண்டு சோதனைகளுக்கு நடுவில் 30, 40 கிலோமீட்டர் தூரம் அதன் உடம்பில் என்ன நடக்கிறது என்பது சேணத்தில் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். கொடுமை நடந்த இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நடந்திருக்கிறது.

சோதனையே இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதை வரலாறு ஒருமுறை காட்டிவிட்டது. 1892 அக்டோபரில் ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள் பெர்லினிலிருந்து வியன்னாவுக்கும், ஆஸ்திரிய-ஹங்கேரி அதிகாரிகள் வியன்னாவிலிருந்து பெர்லினுக்கும் போட்டி போட்டுக்கொண்டு குதிரை ஓட்டினார்கள். தூரம் 550 கிலோமீட்டருக்கு மேல். வென்ற ஆஸ்திரியர் 72 மணிநேரத்துக்குள் பெர்லின் போய்ச் சேர்ந்தார். அவரைச் சுமந்து வந்த குதிரை இறந்துபோனது. இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் அந்த ஓட்டத்தில் செத்தன. ஐரோப்பியப் பத்திரிகைகள் கொதித்தன. ஓட்டியவர்கள் குதிரையை நேசிக்காதவர்கள் இல்லை. குதிரைப்படை வீரர்கள் அவர்கள். 'போதும், நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் வழியில் யாருக்குமே தரப்படவில்லை, அவ்வளவுதான்.

இன்றைய எண்டூரன்ஸ் 1955இல் கலிஃபோர்னியாவில் வெண்டல் ரோபி தொடங்கிய டெவிஸ் கோப்பை ஓட்டத்திலிருந்து பிறந்தது. டாஹோ ஏரிப் பக்கத்திலிருந்து ஆபர்ன் ஊர் வரை, சியரா நெவாடா மலைகளைத் தாண்டி 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். 24 மணிநேரக் கெடு. மொத்தமாகக் கூட்டினால் 5,000 மீட்டருக்கு மேல் ஏற்றம், 6,000 மீட்டருக்கு மேல் இறக்கம். நடுவில் வரும் பள்ளத்தாக்குகளில் வெயில் 38 டிகிரியைத் தாண்டும். புறப்படும் குதிரைகளில் ஏறக்குறையப் பாதிதான் முடிக்கின்றன. மீதியில் பெரும்பகுதி மருத்துவர் நிறுத்தியவை. இது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. நிறுத்தப்பட்ட குதிரை அன்றிரவு லாயத்தில் புல் தின்றுகொண்டிருக்கும்.

அங்கே எனக்கு மிகவும் பிடித்த பரிசு ஹேகின் கோப்பை. 1964 முதல் தருகிறார்கள். முதல் பத்து இடங்களில் வந்த குதிரைகளை மறுநாள் காலை மருத்துவர்கள் நிறுத்திப் பார்த்து, எது இன்னும் ஓடத் தக்க உடல்நிலையில் இருக்கிறதோ அதற்குக் கொடுப்பார்கள். பல ஓட்டக்காரர்கள் முதல் பரிசைவிட இதையே பெரிதாக நினைக்கிறார்கள். 1972இல் உருவான அமெரிக்க எண்டூரன்ஸ் சங்கத்தின் முழக்கமும் 'முடிப்பதே வெற்றி' என்பதுதான். முடிப்பது என்றால் கோட்டைத் தொடுவது மட்டும் போதாது. கோட்டைத் தாண்டிய பிறகு ஒரு சோதனை இருக்கிறது. அதில் தேறாத குதிரை, முதலாவதாக வந்திருந்தாலும், கணக்கில் சேராது.

இனி சோதனை எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். ஓட்டத்தைச் சுற்றுகளாகப் பிரிப்பார்கள். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ.யின் விதிப்படி ஒரு சுற்று 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் 'வெட் கேட்', அதாவது கால்நடை மருத்துவர்களின் சோதனைச் சாவடி. குதிரை உள்ளே வந்ததும் உதவியாளர்கள் சேணத்தை இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். வந்து சேர்ந்த 15 நிமிடத்துக்குள் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரைக்கு 28 முதல் 44 வரை துடிக்கும். ஓடும்போது 150, அதற்கு மேலும் போகும். இதில் நுட்பமான ஏற்பாடு ஒன்று உண்டு. குதிரையை மருத்துவரிடம் கொண்டுபோகும் வரை ஓட்ட நேரம் நிற்காது. அதன்பின் தான் கட்டாய ஓய்வு தொடங்கும். பதறிக்கொண்டு வேகமாக வந்தவர் துடிப்பு இறங்கக் காத்திருந்து நேரத்தை இழப்பார். கடைசி ஒரு கிலோமீட்டரை இறங்கி நடத்தி வந்தவர் நேராக உள்ளே போய்விடுவார். அவசரப்படுபவர் நஷ்டப்படும்படி விதியை அமைத்தவர் யாரோ, அவருக்குக் குதிரையும் தெரியும், மனிதனும் தெரியும்.

துடிப்பு தேறியதும் மருத்துவர்களான எங்கள் கைவேலை தொடங்குகிறது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்போம்: இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தோலைக் கிள்ளி விட்டால் உடனே படிய வேண்டும். கழுத்துச் சிரையை அழுத்தினால் சட்டென்று நிரம்ப வேண்டும். முதுகில், வயிற்றுப்பட்டை பட்ட இடத்தில், கடிவாளம் உரசும் வாயோரத்தில் புண் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்போம். பிறகு ஸ்டெதஸ்கோப்பை விலாவுக்குப் பின்னால், இரு பக்கமும் மேலும் கீழும் வைத்துக் குடல் ஓசை கேட்போம். இந்தக் கடைசி வேலையைச் சிலர் ஒப்புக்குச் செய்கிறார்கள். நான் அதில்தான் அதிக நேரம் செலவிடுவேன். ஓடும்போது ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திருப்பி விடப்படுகிறது. குடல் பட்டினி கிடக்கிறது. ஓய்வில் ஓசை திரும்பாவிட்டால், குடல் அசைவு நின்று வயிற்றுவலி வரப்போகிறது என்று அர்த்தம். குதிரைக்கு வயிற்றுவலி என்றால் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் ஓய்வு நேரத்தில் குதிரை ஆசையாகப் புல் தின்கிறதா, லத்தி போடுகிறதா என்பதை எந்த எண்ணையும்விட நான் நம்புவேன்.

கடைசியாக ஓட்டிப் பார்ப்பது. 40 மீட்டர் போய், 40 மீட்டர் திரும்பி, கயிற்றைத் தளர்வாகப் பிடித்து ட்ராட்டில், அதாவது மிதமான துள்ளோட்டத்தில், ஓட்டிக் காட்ட வேண்டும். முன்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையைத் தொடும்போது தலை மேலே எழும். நல்ல கால் ஊன்றும்போது தலை தாழும். பின்காலில் வலி என்றால் இடுப்பு ஒரு பக்கம் தூக்கும். சந்தேகம் வந்தால் எஃப்.இ.ஐ. போட்டிகளில் மூன்று மருத்துவர்கள் பார்த்து, ஒருவருக்கொருவர் பேசாமல் ரகசியமாக வாக்களிப்பார்கள். பணமும் செல்வாக்கும் புழங்கும் இடத்தில் தனி ஒருவர் மேல் பழி விழாமல் இருக்க இது தேவைப்படுகிறது.

ஓடி வந்ததும் துடிப்பை மறுபடி எண்ணும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்கக் கால்நடை மருத்துவர் கெர்ரி ரிட்ஜ்வே பரப்பியது. முதல் எண்ணிக்கை 60 என்று வைத்துக்கொள்வோம். இந்த ட்ராட் தொடங்கி ஒரு நிமிடம் ஆனதும் மறுபடி எண்ணினால் 60, அல்லது 56 என்றால் நல்ல செய்தி. 68 என்றால் அந்தக் குதிரை ஏதோ ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறது. வலியோ, நீர் வற்றலோ, உள்ளே தங்கிய வெப்பமோ. 64 என்ற வாசலை அது தாண்டிவிட்டது என்பதால் அதை அப்படியே அனுப்பக் கூடாது.

அந்த 64ஐப் பற்றி என் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீரைக் குடம் குடமாக ஊற்றினால் எந்தக் குதிரையின் துடிப்பையும் ஓரளவு இறக்கலாம். பதினான்காவது நிமிடத்தில் 64ஐத் தொட்ட குதிரையும், இரண்டாவது நிமிடத்தில் தொட்ட குதிரையும் தாளில் ஒன்றுதான், உடம்பில் ஒன்றில்லை. எஃப்.இ.ஐ. போட்டிகளின் பல ஆண்டுப் பதிவுகளை கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அலசியபோதும் இதுவே தெரிந்தது. துடிப்பு இறங்க நேரம் எடுத்த குதிரைகளும், முதல் சுற்றுகளைக் கடும் வேகத்தில் ஓடியவையும், அடுத்தடுத்த சுற்றுகளில் விலக்கப்படும் வாய்ப்பு அதிகம். எத்தனை நிமிடத்தில் இறங்கியது என்பதை ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்து, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்க்கிற மருத்துவருக்கு விபத்து ஒரு சுற்று முன்னதாகவே தெரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதையும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பலருக்குத் தவறான எண்ணம் இருக்கிறது. தசை எரிக்கும் சக்தியில் ஏறக்குறைய கால்பங்குதான் ஓட்டத்துக்குப் போகிறது. மீதி முழுவதும் வெப்பம். அதை வெளியேற்றக் குதிரைக்கு முக்கியமான வழி வியர்வை. வெயிலில் மணிக்கு 10 முதல் 15 லிட்டர் வரை வியர்க்கும். நம் வியர்வை ரத்தத்தைவிட உப்புக் குறைந்தது. ஆகவே வியர்க்க வியர்க்க நம் ரத்தத்தில் உப்பின் அடர்த்தி ஏறி, தாகம் எடுக்கிறது. குதிரையின் வியர்வையில் ரத்தத்தில் உள்ள அளவுக்கு, சில சமயம் அதைவிட அதிகமாகவே உப்பு இருக்கிறது. நீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுவதால் ரத்தத்தின் அடர்த்தி மாறுவதில்லை. மூளைக்குத் தாகச் செய்தி போவதில்லை. இருபது, முப்பது கிலோ எடை இழந்த குதிரை தண்ணீர்த் தொட்டி முன்னால் நின்றுகொண்டு வாய் வைக்காமல் இருப்பதைப் பார்த்துத் 'தாகம் இல்லை போல' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நினைப்புதான் குதிரையைக் கொல்வது.

சோடியம், பொட்டாசியம், குளோரைடு, கால்சியம் எல்லாம் இப்படிக் குறைந்துகொண்டே போனால் ஒரு விசித்திரமான அறிகுறி வரும். ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் விலாவுக்குப் பின்னால் உள்ள பகுதி வெடுக் வெடுக்கென்று இழுக்கும். உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இதயத்தை ஒட்டிப் போகிறது. உப்புச் சமநிலை கெட்டால் அந்த நரம்பு இதயத்தின் மின்துடிப்புக்கே பதில் சொல்லத் தொடங்கிவிடும். ஆங்கிலம் பேசும் ஓட்டக்காரர்கள் இதை 'தம்ப்ஸ்' என்பார்கள். வலியால் துடிக்காமல் அமைதியாக நிற்கும் குதிரையிலும் இது வரும். கண்டால் போட்டி அத்துடன் முடிந்தது.

அதனால் எலக்ட்ரோலைட், அதாவது இழந்த உப்புகளை ஈடுகட்டும் கலவை, கொடுக்கிறார்கள். சரிதான், ஆனால் அதிலும் அறிவு வேண்டும். தண்ணீர் குடிக்கும் குதிரைக்குக் கொடுத்தால் தாகம் கூடி இன்னும் குடிக்கும். ஏற்கெனவே வற்றிப்போய்க் குடிக்க மறுக்கும் குதிரையின் வாயில் கெட்டியான உப்புக் கரைசலைப் பீய்ச்சினால், அது உடம்பில் மிச்சமிருக்கும் நீரையும் குடலுக்குள் இழுத்துக்கொள்ளும். வெறும் வயிற்றில் இரைப்பைப் புண்ணும் வரும். இன்னொன்று, போட்டிக்கு முந்தைய நாள்களில் நிறைய உலர்புல் கொடுப்பதன் அருமை பலருக்குத் தெரியவில்லை. நார்த்தீனி குதிரையின் பெருங்குடலில் ஏராளமான நீரைத் தேக்கி வைத்திருக்கும். வழியில் உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். தானியத்தைக் கூட்டி, புல்லைக் குறைத்து, 'எடை குறைந்தால் வேகம் வரும்' என்று கணக்குப் போடுபவர் அந்தத் தேக்கத்தையே காலி செய்கிறார்.

குளிர்விப்பதிலும் ஒரு பழைய பயம் இன்னும் உலவுகிறது: சூடாக இருக்கும் பெரிய தசைகளில் குளிர்ந்த நீர் ஊற்றினால் தசை இறுகிவிடும் என்று. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் வெக்கையை எதிர்கொள்ள நடந்த ஆய்வுகள் இந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டின. உடம்பு முழுவதும், நிறுத்தாமல், குளிர்ந்த நீர் ஊற்றுவதே சரி. வெப்பம் 41, 42 டிகிரிக்குப் போன குதிரையைப் பதமாக நனைத்துக்கொண்டிருக்க நேரம் கிடையாது.

வெயிலைவிடக் கொடியது புழுக்கம். சென்னையில் ஒரு மே மாதம் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். வியர்வை வழியும், ஆனால் காயாது. காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் ட்ரையனில் நடந்த உலகக் குதிரையேற்றப் போட்டிகளில் இதைத்தான் பார்த்தோம். காலையில் சில ஓட்டக்காரர்கள் தவறான பாதையில் அனுப்பப்பட்டதால் ஓட்டத்தை நிறுத்தி, தூரத்தைக் குறைத்து மீண்டும் தொடங்கினார்கள். பிற்பகலில் வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து ஏறவே, முழுப் போட்டியையும் ரத்து செய்தார்கள். 50க்கும் மேற்பட்ட குதிரைகளுக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. சிறுநீரகம் பாதிக்கப்பட்ட ஒரு குதிரையைக் கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. உலகின் தேர்ந்த குதிரைகள், தேர்ந்த மருத்துவர்கள். காற்றின் ஈரம் இவர்கள் யாரையும் கேட்கவில்லை.

இப்போது வேகம். டெவிஸ் போன்ற மலைப்பாதையில் குதிரை நினைத்தாலும் பறக்க முடியாது. பாதையே கடிவாளம் பிடிக்கிறது. வளைகுடா நாடுகளின் பாலைவனத் தடங்கள் சமமானவை, சீராக்கப்பட்டவை. அங்கே 120 கிலோமீட்டரை மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேலான சராசரி வேகத்தில் ஓட்டி வெல்கிறார்கள். பக்கத்திலேயே வாகனங்கள் வரும். ஓடும் குதிரை மேல் தண்ணீர் பாட்டில்களை வீசி ஊற்றுவார்கள், கூச்சலிட்டு விரட்டுவார்கள். 2015இல் அபுதாபியில் ஒரு போட்டியில் ஸ்ப்ளிட்டர்ஸ் கிரீக் பண்டி என்ற குதிரை இரண்டு முன்கால்களும் முறிந்து விழுந்த படம் உலகம் முழுக்கப் பரவியது. அந்த ஆண்டு மார்ச்சில் எஃப்.இ.ஐ., ஐக்கிய அரபு அமீரகத்தின் குதிரையேற்றக் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தது. சில மாதங்களில் அந்த இடைநீக்கத்தை நிபந்தனைகளுடன் விலக்கிக்கொண்டது. 2016இல் துபாயில் நடக்கவிருந்த உலக சாம்பியன்ஷிப்பையும் அங்கிருந்து எடுத்து ஸ்லோவாக்கியாவின் சமோரினில் நடத்தினார்கள்.

அந்த முறிவை எந்த வெட் கேட்டும் பிடித்திருக்குமா? பெரும்பாலும் பிடித்திருக்காது. நீர் வற்றலும் சோர்வும் துடிப்பில், ஈறில், குடலில் தெரியும். எலும்பு அப்படியில்லை. வேக ஓட்டத்தில் எலும்புக்குள் நுண்ணிய விரிசல்கள் உண்டாகின்றன. உடம்பு அவற்றை முதலில் அரித்தெடுத்து, பிறகு புதிதாகக் கட்டுகிறது. அரித்தெடுத்து முடிந்து, கட்டி முடியாத வாரங்களில் அந்த எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கும். நொண்டல் இருக்காது, வீக்கம் இருக்காது. அந்த நேரத்தில் மறுபடி மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். வலி தெரியாமல் இருக்க நரம்பை மரக்கச் செய்து ஓட்டுபவர்களும் இருந்திருக்கிறார்கள். அதைக் கண்டறியவே கால்களின் தொடு உணர்வைச் சோதிக்கும் முறையை எஃப்.இ.ஐ. கொண்டுவந்தது. போட்டிகளுக்கு இடையே கட்டாய ஓய்வு நாள்கள் வைத்திருப்பதும் எலும்பு தன்னைக் கட்டிக்கொள்ளத்தான். என்னைக் கேட்டால், ஸ்டெதஸ்கோப்பைவிட அந்த ஓய்வு நாள்கள் அதிகக் கால்களைக் காப்பாற்றும்.

வழி இல்லாமல் இல்லை. அதே அபுதாபியில் பூதீப் என்ற இடத்தில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேக வரம்பும், துடிப்புக்கு 64க்குப் பதில் 56 என்ற வரம்பும் வைத்துப் போட்டிகள் நடத்தினார்கள். மண் அதே, வெயில் அதே, குதிரைகளும் அதே இனம். வேகத்தைக் கட்டுப்படுத்தியதும் முடிக்கும் குதிரைகள் கூடின. இதை எல்லா இடத்திலும் விதியாக்கத் தயங்குபவர்கள் 'அப்புறம் பந்தயமே இருக்காது' என்கிறார்கள். பந்தயம் வேண்டுமென்றால் பந்தயத் திடல் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

சிகிச்சைப் பக்கம் ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். சோர்ந்து விழும் குதிரைக்கு வலி மருந்து ஒன்றைப் போட்டுவிட்டு நகர்வது நம் ஊரிலும் நடக்கிறது. நீர் வற்றிய உடம்பில் அந்த வகை ஊசி சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதலில் திரவம்: சிரை வழியாகப் பத்து, இருபது லிட்டர், தேவைப்பட்டால் அதற்கு மேலும். நெடுந்தூரம் ஓடிய குதிரையின் ரத்தம் பெரும்பாலும் காரத்தன்மைப் பக்கம் சாய்ந்திருக்கும். குளோரைடு இழப்பு அப்படிச் செய்யும். பந்தயக் குதிரைக்கு வரும் அமிலத்தன்மை என்று எண்ணி சோடா உப்புக் கரைசல் ஏற்றினால் நிலைமை மோசமாகும். கால்சியம் கொடுப்பதாக இருந்தால் கரைத்து, மெதுவாக, இதயத்தைக் கேட்டுக்கொண்டே கொடுக்க வேண்டும்.

உங்கள் 40 கிலோமீட்டருக்கு வருகிறேன். இந்தியாவிலும் 40, 60, 80 கிலோமீட்டர் போட்டிகள் நடக்கின்றன. மார்வாரி, கத்தியவாரி குதிரைகள் இதற்கு நன்றாகத் தாங்கும். போகலாம், சில விஷயங்களைப் பார்த்துவிட்டு. அந்தக் குதிரை சில மாதங்களாவது படிப்படியாகத் தூரம் ஏற்றிப் பழக்கப்பட்டதா? நுரையீரலும் தசையும் சீக்கிரம் தேறிவிடும். எலும்பும் தசைநாரும் பின்தங்கியே வரும். லாடம் ஓட்டத்துக்கு ஒரு வாரம் முன்பாவது அடித்து, நடந்து பழகியிருக்கிறதா? களத்தில் சிகிச்சைக்கென்று தனி மருத்துவர் இருக்கிறாரா, அல்லது சோதிப்பவரே ஓடி வந்து ஊசி போடும் நிலையா? சென்ற முறை எத்தனை குதிரைகள் புறப்பட்டன, எத்தனை முடித்தன, எத்தனைக்குச் சிகிச்சை என்று நடத்துபவரிடம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் போகாதீர்கள்.

முடித்த அன்று இரவே குதிரையை லாரியில் ஏற்றி ஊருக்குக் கிளம்ப வேண்டாம். நின்றுகொண்டே பயணம் செய்வது அதற்கு ஓய்வாகாது, வழியில் வயிற்றுவலி வந்தால் பார்க்க ஆளும் இருக்காது. இரவில் இரண்டு முறை எழுந்து போய், தின்கிறதா, குடிக்கிறதா, லத்தி போட்டிருக்கிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று பாருங்கள். காபி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது, அந்த நிமிடமே மருத்துவரை எழுப்புங்கள். அடுத்த இரண்டு மூன்று நாள் காலையிலும் குளம்பின் மேல் கை வைத்துச் சூடு பாருங்கள். நடக்கத் தயங்கி, முன்கால்களை முன்னுக்கு நீட்டி நின்றால் அது குளம்புக்குள் அழற்சி. போட்டி முடிந்து, பதக்கம் வாங்கி, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகுதான் அது வெளியே தெரியும்.